கழற்றி வைத்த வன்தட்டை வெளித்தட்டாக்குவது: கேசிங் வாங்குவதற்கு முன்னும் பின்னும்

அன்புள்ள சகோதரிக்கு,

பழுதாகிப்போன மடிக்கணினியிலிருந்து கழற்றிய வன்தட்டு ஒன்றும், அதற்கு முன்பு வீட்டில் இருந்த மேசைக் கணினியின் பெரிய வன்தட்டு ஒன்றும் உங்கள் செங்காங் வீட்டு இழுப்பறையில் சும்மா கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். அவற்றை யூஎஸ்பி வழியாகப் பயன்படுத்தும் வெளித்தட்டுகளாக மாற்ற முடியுமா, தட்டை உள்ளே வைத்து யூஎஸ்பியில் இணைக்கும் பெட்டியான கேசிங்கில் எதை வாங்குவது, உள்ளே இருக்கும் பிள்ளைகளின் படங்கள் அழிந்துவிடாதா, பிறகு தொலைக்காட்சியில் செருகிப் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். கேசிங்கிற்குள் தட்டைப் பொருத்தும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குத் திருப்புளி பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் பதினைந்து ஆண்டுகளாகக் கணினிப் பராமரிப்பு வேலையில் நான் பார்த்தவரை, இந்த முயற்சியில் படங்களைப் பறிகொடுத்தவர்கள் பொருத்தத் தெரியாமல் பறிகொடுக்கவில்லை. தவறான அடாப்டரைச் செருகியும், நோயுற்ற தட்டை நல்ல தட்டு என்று நம்பியும், முதல்முறை செருகியவுடன் திரையில் வரும் ஒரு கேள்விக்கு அவசரப்பட்டு ‘சரி’ என்று அழுத்தியும்தான் பறிகொடுத்தார்கள். ஆகவே கேசிங்கைவிட இவற்றைப் பற்றியே நான் கூடுதலாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மடிக்கணினியிலிருந்து வந்தது 2.5 அங்குலத் தட்டாக இருக்கும். ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் கொண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். மேசைக் கணினியின் தட்டு 3.5 அங்குல வகை. 10 சென்டிமீட்டர் அகலத்தில், செங்கல் துண்டைப் போலக் கனமாக இருக்கும். அடுத்து அதன் பின்பக்கத்து இணைப்பைப் பாருங்கள். ‘எல்’ வடிவப் பள்ளத்துடன் இரண்டு தட்டையான முனைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது சாட்டா. சிறிய முனையில் 7 தொடுபுள்ளிகள் தரவுக்காகவும், பெரிய முனையில் 15 தொடுபுள்ளிகள் மின்சாரத்திற்காகவும் இருக்கும். அப்படியில்லாமல் இரண்டு வரிசையாக ஊசிகள் துருத்திக்கொண்டிருந்தால் அது பழைய ஐடிஇ வகை. சாட்டா தரநிலை வெளிவந்தது 2003ஆம் ஆண்டில். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே ஐடிஇ வழக்கொழிந்துவிட்டதால், உங்கள் இரண்டு தட்டுகளும் சாட்டாவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஐடிஇ என்று தெரியவந்தால் கேசிங் தேட வேண்டாம். ஐடிஇ, சாட்டா இரண்டையும் யூஎஸ்பிக்கு மாற்றும் கம்பித்தொகுப்பு ஒன்றை வாங்கி, உள்ளே இருப்பதை வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு அந்தத் தட்டுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். இருபது வயதை நெருங்கும் ஒரு தட்டின்மீது புதிய பொறுப்பை ஏற்றுவது நியாயமில்லை.

அண்மைக்கால மடிக்கணினிகளில் தட்டே இருக்காது; சுழலும் வட்டின்றிச் சில்லுகளில் சேமிக்கும், சூயிங்கம் பட்டை அளவிலான எம்.2 எஸ்எஸ்டி இருக்கும். இது உங்களுக்குப் பொருந்தாது என்றாலும், இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காக ஒரு சொல்: எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான், பேசும் மொழியின் பெயரன்று. ஒரே வடிவத்தில் சாட்டா மொழி பேசுவதும் உண்டு, என்விஎம்இ மொழி பேசுவதும் உண்டு. ஒன்றுக்கான கேசிங்கில் மற்றொன்று வேலை செய்யாது. இரண்டையும் ஏற்கும் கேசிங்குகள் இப்போது கிடைக்கின்றன. எது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அதையே வாங்கலாம். ஆப்பிள் மடிக்கணினிகளின் கதை வேறு. பல மாதிரிகளில் ஆப்பிளுக்கே உரிய இணைப்பு இருந்தது. பிற்கால மாதிரிகளில் சேமிப்புச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை.

இனி மின்சாரம். இரண்டு தட்டுகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு அளவில் இல்லை, பசியில் இருக்கிறது. 2.5 அங்குலத் தட்டு 5 வோல்ட்டிலேயே ஓடக்கூடியது. அந்த 5 வோல்ட்டை யூஎஸ்பி முனையே தருவதால் தனி அடாப்டர் தேவைப்படாது. 3.5 அங்குலத் தட்டுக்கோ உள்ளிருக்கும் மின்சுற்றுக்கு 5 வோல்ட், வட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு 12 வோல்ட் என இரண்டும் வேண்டும். சாதாரண யூஎஸ்பி முனை 12 வோல்ட் தராது. எனவே பெரிய தட்டுக்கு அடாப்டருடன் கூடிய கேசிங்கையோ, மேலிருந்து செருகும் டாக் வகையையோதான் வாங்க வேண்டும். சாட்டாவை யூஎஸ்பிக்கு மாற்றும் மெல்லிய ஒற்றைக் கம்பியை வாங்கிவந்து, பெரிய தட்டில் செருகிவிட்டு, ‘தட்டு செத்துவிட்டது’ என்று முடிவுகட்டி அதைக் குப்பையில் போடவிருந்த ஒருவரை நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். தட்டு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு 12 வோல்ட் போய்ச்சேரவில்லை, அவ்வளவே.

சிறிய தட்டிலும் மின்சாரச் சிக்கல் ஒன்று வரும். யூஎஸ்பி 2.0 முனை தரவேண்டிய மின்னோட்டத்தின் அளவு 0.5 ஆம்பியர், யூஎஸ்பி 3.0 முனையில் அது 0.9 ஆம்பியர். நின்றுகொண்டிருக்கும் வட்டைச் சுழலத் தொடங்கச் செய்யும் முதல் சில நொடிகளில் தட்டுக்கு 1 ஆம்பியர் வரைகூடத் தேவைப்படலாம். அந்த நொடியில் மின்சாரம் போதாவிட்டால் ‘டிக், டிக்’ என்ற ஓசையுடன் தட்டு சுழல முயன்று முயன்று ஓய்ந்துபோகும். கேட்பவருக்குத் தட்டு பழுதானதுபோலவே தோன்றும். அப்படி நடந்தால் முதலில் யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியாக இருந்தால் முன்பக்க முனையை விட்டுவிட்டுப் பின்பக்க முனையைப் பயன்படுத்துங்கள். நீளமான மெல்லிய கம்பியை மாற்றிக் குட்டையான தடித்த கம்பியைப் போடுங்கள். இதற்குப் பிறகும் அந்த ஓசை வந்தால் மட்டுமே தட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அடாப்டர் விஷயத்தில் நானே ஒருமுறை பெரும் தவறு செய்திருக்கிறேன். அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பழைய ரவுட்டர், பழைய மடிக்கணினி, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று எல்லாவற்றின் அடாப்டர்களும் ஒரே பையில் சேர்ந்து கிடக்கும். கேசிங்கின் வட்டத்துளையில் அவற்றில் பாதி அழகாக நுழையும். நுழைகிறது என்பதற்காகப் பொருந்துகிறது என்று ஆகாது. 12 வோல்ட் வேண்டிய கேசிங்கில் 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைச் செருகினேன். ஒரு நொடியில் கருகிய வாடை வந்தது, கேசிங்கும் போனது, தட்டின் மின்சுற்றுப் பலகையும் போனது. அதில் என் தங்கையின் திருமணப் படங்கள் இருந்தன. வேறு படி இருந்ததால் தப்பினோம். கேசிங்கோடு வந்த அடாப்டரில் இன்றே வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டி ‘வன்தட்டுக்கு மட்டும், 12 வோல்ட்’ என்று எழுதி வையுங்கள். புதிதாக வாங்க நேர்ந்தால் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: வோல்ட் துல்லியமாக அதே எண்ணாக இருக்க வேண்டும், ஆம்பியர் கேட்டதற்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூடினால் கேடில்லை, நடுமுனை நேரா எதிரா என்று காட்டும் சிறு படம் கேசிங்கில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். 3.5 அங்குலத் தட்டுக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வரும். ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பலவற்றில் 1 ஆம்பியர்தான் இருக்கும். தட்டு சுழலத் தொடங்கும் வேளைக்கு அது போதாது.

வெளிநாட்டு இணையக் கடைகளில் மலிவாக வாங்கும் கேசிங்கோடு வரும் அடாப்டரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. சிங்கப்பூரில் கணினிக்கான அடாப்டர்கள் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட பொருள்கள். இங்கே விற்கப்படும் அடாப்டரில் சேஃப்டி மார்க் எனப்படும் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். தட்டையான இரு முள் செருகியோடு வரும் முத்திரையில்லாத அடாப்டரை மாற்றுச்செருகி போட்டு இரவு முழுவதும் ஓடவிடுவதைவிட, கேசிங்கை எங்கே வாங்கினாலும் அடாப்டரை மட்டும் இங்கே முத்திரை பார்த்து வாங்குவது நல்லது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைவில் வையுங்கள். மட்டமான அடாப்டருக்குள் பிரச்சினை வந்தால் அது வன்தட்டோடு நிற்காது.

கேசிங் வாங்க ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திற்கு அருகிலுள்ள சிம் லிம் ஸ்கொயருக்குப் போகலாம். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் நாளிலேயே எட்டிப் பார்த்துவிடலாம். வீட்டைவிட்டுப் புறப்படுவதற்கு முன் தட்டின் மேலொட்டுத் தாளையும் பின்பக்க இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் தட்டையே தூக்கிக்கொண்டு போவதைவிட அது பாதுகாப்பானது. படங்கள் உள்ள தட்டு பையில் இடிபட்டுக்கொண்டு ரயிலில் பயணம் செய்ய வேண்டியதில்லை. 2.5 அங்குலக் கேசிங் பெரும்பாலும் முப்பது வெள்ளிக்குள் கிடைத்துவிடும், 3.5 அங்குலத்திற்கு அடாப்டரும் சேர்வதால் கொஞ்சம் கூடும்.

வாங்கும்போது கேட்கவேண்டியவை சில. யூஎஸ்பி 3.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 கேசிங் நொடிக்கு 30 முதல் 40 எம்பிக்கு மேல் நகர்த்தாது. சாதாரண வன்தட்டே நொடிக்கு 100 எம்பி தரும் என்பதால் நீங்கள் தட்டின் வேகத்தில் பாதியைக்கூடப் பெறமாட்டீர்கள். 500 ஜிபி படங்களைப் படியெடுக்க ஒன்றில் ஒன்றரை மணி நேரம், மற்றொன்றில் நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேளையில் வன்தட்டுக்காக 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட் என்று எழுதிய விலைகூடிய கேசிங் வாங்குவதில் பயனில்லை. 5 ஜிகாபிட்டே அதற்கு ஏராளம். அந்த வேகங்கள் என்விஎம்இ எஸ்எஸ்டிக்குப் பொருள்படும். எஸ்எஸ்டி போடப்போகிறவர்கள் யூஏஎஸ்பி என்ற நெறிமுறையை ஆதரிக்கும் கேசிங்கைக் கேட்டு வாங்க வேண்டும். சிறுசிறு கோப்புகளை நகர்த்துவதில் அது தெளிவான வேறுபாட்டைக் காட்டும். 2.5 அங்குலத் தட்டுகளில் தடிமனும் மாறும்: 7 மில்லிமீட்டரும் 9.5 மில்லிமீட்டரும் பொதுவானவை, சில தட்டுகள் 12.5 அல்லது 15 மில்லிமீட்டர் வரை போகும். 7 மில்லிமீட்டர் கேசிங்கில் 9.5 நுழையாது. பெரிய தட்டு 2 டிபிக்கு மேல் கொள்ளளவு உள்ளதானால், கேசிங் அந்த அளவை ஏற்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேசிங்குகளின் சில்லுகள் 2 டிபிக்கு அப்பால் எண்ணத் தெரியாதவை.

பெட்டியில் எழுதியிராத இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில டாக்குகளும் கேசிங்குகளும் தட்டு தரவைப் பிரித்து வைக்கும் சிறு துண்டான பிரிவின் (செக்டர்) அளவை 512 பைட்டிலிருந்து 4,096 பைட்டாக மாற்றிக் கணினிக்குக் காட்டும். கணினிக்குள் இருந்தபோது எழுதப்பட்ட தட்டை அப்படிப்பட்ட டாக்கில் வைத்தால், தட்டு காலியாகவோ ஃபார்மட் செய்யப்படாததாகவோ தெரியும். தரவு எங்கும் போகவில்லை. படிப்பவர் அளவுகோலை மாற்றிவிட்டார், அவ்வளவுதான். வேறொரு கேசிங்கிலோ, மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நேரடியாகவோ இணைத்தால் எல்லாம் பழையபடி தெரியும்.

பொருத்தும் வேலையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. மேசையில் துணி விரித்து, உலோகம் எதையாவது தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, தட்டை ஓரங்களில் பிடித்து, இணைப்பை நேராகத் தள்ளுங்கள். சாய்த்து அழுத்தினால் உள்ளிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உடையும். சிறிய தட்டுக்கும் பெரிய தட்டுக்கும் திருகாணிகளின் மரை வேறுவேறு என்பதால் ஒன்றின் ஆணியை மற்றொன்றில் வலிந்து முறுக்காதீர்கள். தட்டின் மேல் ‘மூடாதே’ என்று குறித்த சிறு துளை இருந்தால் அதன்மேல் ஒட்டுநாடா ஒட்டக்கூடாது. உள்ளே வெளியே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வழி அது.

இனி நான் முதலில் சொன்ன அந்த முதல் நிமிடம். தட்டைச் செருகியதும் விண்டோஸ் மூன்றில் ஒன்றைச் செய்யும். ஒன்று, புதிய எழுத்துடன் டிரைவாகக் காட்டும், நிம்மதி. இரண்டு, ‘இந்த டிரைவைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கும். மூன்று, விண்டோஸின் தட்டு நிர்வாகக் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் ‘டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்’ என்று, தட்டின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறைகளான எம்பிஆர், ஜிபிடி என்னும் இரண்டு தெரிவுகளோடு ஒரு சாளரம் வரும். கடைசி இரண்டிலும் நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே: ‘கேன்சல்’. விண்டோஸ் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் தட்டு காலியாக இருப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், தன்னால் படிக்க முடியாத எதைக் கண்டாலும் விண்டோஸ் அதே கேள்வியைத்தான் கேட்கும். தட்டு மேக் கணினியில் எழுதப்பட்டிருக்கலாம், லினக்ஸில் எழுதப்பட்டிருக்கலாம், மேலே சொன்ன பிரிவு அளவுச் சிக்கலாக இருக்கலாம், தட்டு எந்தெந்தப் பகுதிகளாகப் (பகிர்வுகளாக) பிரிக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் பகிர்வு அட்டவணை மட்டும் சேதமடைந்திருக்கலாம். இவை ஒவ்வொன்றிலும் படங்கள் உள்ளே அப்படியே இருக்கும். ‘சரி’ என்று அழுத்திய பிறகு அவற்றை மீட்பது வேறு வேலை, வேறு செலவு.

தட்டு தெரிகிறது, ஆனால் பூட்டுப் படத்தோடு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது என்றால் அது விண்டோஸின் மறையாக்கப் பூட்டான பிட்லாக்கர். அண்மைய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில், உரிமையாளர் கேட்காமலே இந்த மறையாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். அந்த மடிக்கணினியில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாவி பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அலுவலகக் கணினியாக இருந்தால் அலுவலகத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்க வேண்டும். சாவி இல்லாமல் திறக்க வழியில்லை. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம்.

பூட்டு இல்லாமல், ‘இந்தக் கோப்புறையைத் திறக்க உங்களுக்கு அனுமதியில்லை’ என்று மட்டும் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பழைய பயனர் கணக்கின் பெயரில் இருக்கும் கோப்புறை அது. ‘கன்டினியூ’ என்பதை அழுத்திவிட்டுக் காத்திருங்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் அனுமதி மாறப் பல நிமிடங்கள் ஆகும். இன்னொன்று: பழைய மடிக்கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேமிப்பான ஒன்டிரைவ் பயன்படுத்தியிருந்தால், படங்களின் பெயர்கள் மட்டும் தட்டில் தெரியக்கூடும்; படங்களோ மேகச் சேமிப்பில் இருக்கலாம். தட்டிலிருந்து திறக்க முடியவில்லை என்று கலங்காமல், அந்தக் கணக்கில் நுழைந்து பாருங்கள்.

தட்டு தெரிந்ததும் படங்களைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் தட்டின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், ஸ்மார்ட் எனப்படும் தட்டின் தற்கண்காணிப்புப் பதிவுகளைக் காட்டும். அதில் நீலம் வந்தால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நின்றுவிடாமல் மூன்று வரிகளைப் படியுங்கள்: 05 என்பது பழுதான பிரிவுகளுக்கு மாற்றாக உதிரிப் பிரிவுகள் எத்தனை கொடுக்கப்பட்டன என்பதைச் சொல்லும், சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பிரிவுகள், சி6 என்பது திருத்தவே முடியாதவை. மூன்றும் சுழியாக இருந்தால் மகிழ்ச்சி. சி5 சுழிக்கு மேல் இருந்தால் அந்தத் தட்டை வெளித்தட்டாக்கும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, ஈடுசெய்ய முடியாத படங்களை முதலில், மற்றவற்றைப் பிறகு என்ற வரிசையில் உடனே வேறிடத்திற்கு எடுங்கள். சி7 என்ற வரி கூடிக்கொண்டே போனால் குற்றம் தட்டில் இல்லை, பெரும்பாலும் இணைப்பில் இருக்கும். 09 என்ற வரி தட்டு ஓடிய மணிகளைக் காட்டும். ஆண்டு முழுவதும் நிற்காமல் ஓடினால் 8,760 மணி என்பதை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இந்த மென்பொருள் எண்களை முதலில் பதினாறடிமான முறையில் காட்டும். தெரிவுப் பட்டியலில் பதின்ம முறைக்கு மாற்றிவிட்டுப் படியுங்கள், இல்லையேல் வீணாகக் குழம்புவீர்கள். சில கேசிங்குகள் இந்தப் பதிவுகளை வெளியே விடாது. அது தட்டின் குறையன்று.

போதிய மின்சாரம் கொடுத்த பிறகும் தட்டு சீராகக் ‘கடக், கடக்’ என்று தட்டுமானால் உடனே கழற்றிவிடுங்கள். வட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்க வேண்டிய, தரவைப் படிக்கும் தலை, தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் ஓசை அது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் வட்டின் மேற்பரப்பு இன்னும் கொஞ்சம் சிதையலாம். குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது ஆகிய எதையும் செய்ய வேண்டாம். படங்கள் உங்களுக்கு அவ்வளவு முக்கியமென்றால் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொடுங்கள். கட்டணம் பல நூறு வெள்ளியைத் தாண்டக்கூடும் என்பதால் முன்கூட்டியே மதிப்பீடு கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு நலமாக இருக்கிறது என்று கண்டபின், உள்ளே இருப்பதையெல்லாம் வேறொரு தட்டுக்கோ மேகச் சேமிப்புக்கோ படியெடுங்கள். படியெடுத்து முடித்ததும் இரண்டு பக்கக் கோப்புறைகளின் பண்புகளையும் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில படங்களை அங்கங்கே திறந்தும் பாருங்கள். இது முடியும்வரை ஃபார்மட் என்ற சொல்லை நினைக்கவே வேண்டாம்.

அதன் பிறகுதான் தட்டைத் துடைத்துப் புதிதாக்கும் வேலை. கணினிக்குள் இருந்த தட்டில் விண்டோஸின் தொடக்கப் பகிர்வு, மீட்புப் பகிர்வு என்று சிறுசிறு துண்டுகள் இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட் அவற்றில் சிலவற்றை அழிக்க அனுமதிக்காது. டிஸ்க்பார்ட் என்னும் கட்டளைக் கருவியில் தட்டைத் தேர்ந்தெடுத்து ‘கிளீன்’ என்று கட்டளையிட்டால் எல்லாப் பகிர்வுகளும் ஒரே நொடியில் போய்விடும். அந்தக் கருவி ‘உறுதியா?’ என்று கேட்காது. ஆகவே கட்டளையிடுமுன் வேறு எல்லா வெளித்தட்டுகளையும் பென்டிரைவ்களையும் கழற்றிவிட்டு, பட்டியலில் தட்டின் எண்ணைக் கொள்ளளவோடு ஒப்பிட்டு இருமுறை சரிபாருங்கள். 1 டிபி தட்டு 931 ஜிபி என்று காட்டும், அது குறைபாடன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்கில் எண்ணுகிறது. பிறகு ஜிபிடி முறையில் இனிஷியலைஸ் செய்து ஒரே பகிர்வாக்குங்கள். எம்பிஆர் முறையால் 2 டிபிக்கு மேல் கையாள முடியாது. தட்டைச் செருகப்போகும் தொலைக்காட்சி பழையது, ஜிபிடியை அறியாது என்றால் மட்டும் எம்பிஆர் போதும்.

எந்தக் கோப்பு முறையில் ஃபார்மட் செய்வது என்பது எங்கெல்லாம் செருகப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விண்டோஸ் கணினிகளில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். நடுவில் மின்சாரம் போனாலும் தன் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் பதிவேடு அதில் உண்டு. மேக் அதைப் படிக்கும், ஆனால் தானாக அதில் எழுதாது. விண்டோஸ், மேக், தொலைக்காட்சி என்று எல்லாவற்றிலும் வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட். ஆனால் அதில் அந்தப் பதிவேடு இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்புகள் மட்டுமன்றிக் கோப்புறையே சிதைய வாய்ப்புண்டு. ஃபேட்32 வேண்டாம், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தக் கோப்பையும் வைக்க முடியாது, பள்ளி நிகழ்ச்சியின் நீண்ட காணொளி ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். ஃபார்மட் செய்யும்போது ‘குவிக்’ என்ற குறியை எடுத்துவிடுங்கள். முழு ஃபார்மட் தட்டின் ஒவ்வொரு பிரிவிலும் எழுதிப் பார்ப்பதால் 1 டிபிக்குச் சில மணி நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் மீண்டும் 05, சி5 வரிகளைப் பாருங்கள். இரவு முழுவதும் உழைத்த பிறகும் அவை சுழியாகவே இருந்தால் அந்தத் தட்டை நம்பி ஏற்றுக்கொள்ளலாம். பழைய தட்டுக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை.

வைத்திருக்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. குளிரூட்டிய அறையில் சில்லென்று இருந்த தட்டைச் சமையலறைப் பக்கம் கொண்டுவந்து உடனே செருகினால், கண்ணாடிக் குவளையில் வியர்ப்பதுபோல அதன் மின்சுற்றிலும் நீர் படியக்கூடும். அரை மணி நேரம் பொறுத்துச் செருகுங்கள். இழுப்பறையில் வைக்கும்போது காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கேமராவுக்கு உலர்பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலேயே ஓர் ஓரம் ஒதுக்கலாம். வன்தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது இடம் மாற்றக்கூடாது. பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்து, ஓசை அடங்கி, பத்து நொடி கழித்துத் தூக்குங்கள். ஊருக்குப் போகும்போது தட்டை எடுத்துச் செல்வதாக இருந்தால் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு விமானத்தின் சரக்கறைக்கு அனுப்ப வேண்டாம். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவனம் வேண்டும்: எழுதித் தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமில்லாமல் நீண்டகாலம் கிடந்தால் தரவை மெல்ல மறக்கக்கூடும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிக்கு, அதன் எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே தொழில்துறைத் தரநிலை. நம் வீட்டு இழுப்பறையின் வெப்பமும் அதை ஒட்டியதுதான். ஆகவே ஆண்டுக்கணக்கில் எடுக்காமல் வைக்கும் படங்களுக்கு நான் எஸ்எஸ்டியைப் பரிந்துரைப்பதில்லை.

தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் படிக்கும் தொலைக்காட்சியில் சிறிய தட்டைத் தாராளமாகச் செருகிப் படம் பார்க்கலாம். ஆனால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் தெரிவைத் தொடாதீர்கள். அதற்காகப் பல தொலைக்காட்சிகள் தட்டைத் தம் சொந்த முறையில் ஃபார்மட் செய்துவிடும்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். மடிக்கணினியின் சிறிய தட்டுக்கு யூஎஸ்பி 3.0 கேசிங் ஒன்று வாங்கி, படங்களை எடுத்தபின் ஃபார்மட் செய்து, அதை வீட்டில் அன்றாடம் கைமாறும் தட்டாக வைத்துக்கொள்வேன். பெரிய தட்டுக்கு அடாப்டரோடு கூடிய டாக் ஒன்று வாங்கி, மாதத்திற்கு ஒருமுறை எல்லாப் படங்களையும் அதில் படியெடுத்துவிட்டுக் கழற்றி உலர்ந்த டப்பாவில் வைப்பேன். இரண்டும் பழைய தட்டுகள் என்பதால் இரண்டில் எதிலும் பிள்ளைகளின் படங்கள் ஒற்றைப் படியாக இருக்க விடமாட்டேன். மூன்றாவது படி மேகச் சேமிப்பிலோ, அருகில் வசிக்கும் உங்கள் அண்ணன் வீட்டிலோ இருக்கட்டும். பெரிய தட்டின் மேலொட்டுத் தாளைப் படமெடுத்து அனுப்பினால், அதற்கு எந்த டாக் பொருந்தும் என்று நீங்கள் கடைக்குப் போவதற்கு முன்பே பார்த்துச் சொல்கிறேன்.